கிறியோன் முதலிற் சென்ற இடம்
‘அன்ரிகனி’ நாடகத்திற் பாத்திரமும் பொருளும்

அவல நாடகமொன்றைக் கற்கப் புகுவோர் பாத்திரப் பண்பு, கருப்பொருள் என இரு தலைப்புகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பரீட்சை வினாத்தாள்களும் இவ்வழக்கத்துக்குத் துணைநின்று வந்துள்ளன. முதலாவது தலைப்பின் கீழ்த் தலைமைப் பாத்திரத்தின் குறைபாடு யாது என்பது தேடப்படும். அகந்தை, பிடிவாதம், அவசரபுத்தி என ஏதேனுமொன்று கிடைத்ததும் தேடல் முடிந்துவிடும். இரண்டாவது தலைப்பின் கீழ் நாடகம் எதைப் பற்றியது என்பது ஒரு வாக்கியத்தில் எழுதப்படும். இம்முறைக்கு அரிஸ்ரோட்டிலின் ‘கவிதையியல்’ ஆதாரமாகக் காட்டப்படுவதுமுண்டு. ஆயின், அந்நூலில் வரும் ‘ஹமார்த்தியா’ என்ற சொல் குறி தவறுதல், பிழைபட நடத்தல் என்னும் பொருளையே முதன்மையாகத் தருவது. அது செயலைச் சார்ந்தது. குணக்கேடு என்ற பொருளை அதன்மீது ஏற்றியவர்கள் பிற்காலத்து உரையாசிரியர்களே. செயலை விட்டுக் குணத்தைத் தேடும் வாசிப்பு ஒரு நாடகத்தில் எதனைக் காணத் தவறுகின்றது என்பதற்குச் சொபொக்கிளிசின் ‘அன்ரிகனி’ தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நாடகத்தின் கதை பலரும் அறிந்ததே. ஈடிப்பஸ் மன்னனின் மைந்தர் இருவரும் தீப்ஸ் நகரின் வாயிலிலே ஒருவரையொருவர் கொன்று வீழ்கின்றனர். நகரைக் காத்துநின்ற எத்தியோகிளிசுக்கு முழு மரியாதையுடன் அடக்கம் நடைபெறுகின்றது. அந்நியப் படையுடன் வந்த பொலினைசிசின் உடலோ நாய்க்கும் பறவைக்கும் இரையாகக் கிடக்கவேண்டுமென்று புதிய அரசனும் அவர்களின் மாமனுமாகிய கிறியோன் ஆணையிடுகின்றான். தங்கை அன்ரிகனி அவ்வாணையை மீறி அண்ணனின் உடல்மீது மண்தூவிக் கிரியை செய்கின்றாள். அவள் கற்குகையொன்றில் உயிரோடு அடைக்கப்படுகின்றாள். அவளுக்கு மணம்பேசப்பட்டிருந்த ஹேமோன் கிறியோனின் மகன். குகைக்குள் அவள் தூக்கிட்டு இறந்துகிடக்கக் கண்ட அவனும், அச்செய்தி கேட்ட அவன் தாய் யூரிடிசியும் தம்முயிரை மாய்த்துக்கொள்கின்றனர்.

அரச நீதியும் தெய்வ நீதியும் மோதும் களமாக இந்நாடகத்தை நோக்குவது ஹெகலின் அழகியல் விரிவுரைகளுக்குப் பின்னர் பெருவழக்காயிற்று. இருபுறமும் நியாயமுண்டு, இருபுறமும் ஒருதலைப்பட்சமானவை, அந்த ஒருதலைப்பட்சமே அழிவைத் தருகின்றது என்பது அந்நோக்கின் சாரம். கிறியோனின் பக்கத்திலும் நியாயமுண்டு என்பதை ஹெகலுக்கு வெகுகாலத்துக்கு முன்னரே ஏதென்ஸ் மக்கள் உணர்ந்திருந்தனர். அரசு என்னும் மரக்கலம் நேரே நின்றாலன்றி நட்பும் உறவும் நிலையா என்ற கருத்துப்பட அவன் ஆற்றும் முதலுரையைக் கி.மு. 343ஆம் ஆண்டு டெமொஸ்தினிஸ் நீதிமன்றத்திலே நற்குடிமகனின் கொள்கையாக எடுத்துக்காட்டினார். அவர் வழக்குத் தொடுத்த ஈஸ்கினிஸ் முன்னாள் நடிகர். மூன்றாம் நிலை நடிகராகக் கிறியோன் வேடம் பூண்டவர். மேடையிற் பேசிய வசனத்தை வாழ்க்கையில் மறந்துவிட்டார் என்பதே டெமொஸ்தினிசின் குத்தல்.

எனினும், நாடகம் இரு நியாயங்களையும் சமமாக நிறுத்துகின்றது என்பது ஏற்கத்தக்கதன்று. துரோகிகளைத் தம் மண்ணில் அடக்கஞ்செய்ய அனுமதியாத சட்டம் ஏதென்சில் இருந்ததுண்டு. ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுசென்று அடக்குவதை அது தடுக்கவில்லை. கிறியோனின் ஆணை அவ்வெல்லையைக் கடந்தது. குருட்டு ஞானி தைரேசியஸ் வந்து பலிபீடங்களிற் பிணத்தின் ஊன் படிந்திருப்பதையும் தேவர்கள் பலியை ஏற்க மறுப்பதையும் கூறும்போது, எது சரி எது பிழை என்ற வினா தீர்ந்துவிடுகின்றது. அவ்வினா தீர்ந்தபின்னரும் நாடகத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு எஞ்சியிருக்கின்றது. ஹெகலின் வழிநிற்போர் இப்பகுதியைத் தண்டனையின் நிறைவேற்றம் என்று கருதி விரைந்து கடந்துவிடுவர். நாடகத்தின் திறவுகோலோ இங்கேதான் கிடக்கின்றது.

தைரேசியஸ் சினத்துடன் அகன்ற பின்னர் கிறியோன் கலங்கி நிற்கின்றான். யாருடைய சொல்லையும் கேளாதவன் முதன்முறையாகக் கோரஸ் முதியோரிடம் என்ன செய்யவேண்டுமெனக் கேட்கின்றான். அவர்களின் விடை மிகத் தெளிவானது. முதலிற் பெண்ணைக் குகையிலிருந்து விடுவித்தல். அதன்பின் கிடக்கும் உடலுக்குக் கல்லறை அமைத்தல். தாமதம் வேண்டாமென்றும் அவர்கள் துரிதப்படுத்துகின்றனர். கிறியோன் இணங்குகின்றான். கட்டியவனே அவிழ்ப்பேன் என்ற கருத்துப்படப் பேசிவிட்டுப் புறப்படுகின்றான். ஆனால், ஏவலரைக் கோடரிகளுடன் செல்லுமாறு அவன் பணிக்கும்போதே சிதைக்கு விறகு வெட்டும் எண்ணம் முந்திவிட்டதோ என்று ஐயுற இடமுண்டு.

சற்றுப் பின்னர் தூதுவன் வந்து நடந்ததை யூரிடிசியிடம் விவரிக்கின்றான். அவர்கள் முதலிற் சென்ற இடம் நாய்கள் குதறிய பொலினைசிசின் உடல் கிடந்த மேட்டுநிலம். அங்கே பாதாளத் தெய்வங்களை வேண்டுகின்றனர். எஞ்சிய உடலைப் புனித நீரால் நீராட்டுகின்றனர். புதிதாக வெட்டிய கிளைகளை அடுக்கி எரிக்கின்றனர். சொந்த நாட்டு மண்ணால் உயர்ந்த மேடொன்றை எழுப்புகின்றனர். ஒரு கிரியையும் விடுபடவில்லை, ஒன்றிலும் அவசரமில்லை. அதன் பின்னரே குகையை நோக்கித் திரும்புகின்றனர். அணுகும்போது ஓலம் கேட்கின்றது. அது மகனின் குரல்.

முதியோர் சொன்ன வரிசை மாறிவிட்டது. நாடகாசிரியர் இதைப்பற்றி யாருடைய வாயாலும் ஒரு சொல்லும் சொல்விக்கவில்லை. கிறியோன் இறுதிவரை தன்னைப் பலவாறு நொந்துகொள்கின்றான். தான் ஏன் முதலிற் பிணத்திடம் சென்றேன் என்று ஒருபோதும் கேட்பதில்லை. கேளாமையே கவனிக்கற்பாலது.

இம்மாற்றத்தைச் சிலர் நாடக உத்தியாகவே விளக்குவர். குகைக்காட்சி உச்சமாதலின் அது தூதுரையின் இறுதியில் வரவேண்டியதாயிற்று என்பது அவர்தம் வாதம். இது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. உத்தி மட்டுமே காரணமெனின், முதியோர் அறிவுரையில் எதிர்மாறான வரிசையை அத்துணைத் தெளிவாக அமைக்கவேண்டிய தேவை நாடகாசிரியருக்கு இல்லை. வேறு சிலர், தைரேசியசின் எச்சரிக்கை பெரிதும் பிணத்தால் விளைந்த தீட்டைப் பற்றியதாகலின் கிறியோன் அதனையே முதலிற் கவனித்தான் என்பர். இது வலுவான வாதம். ஆனால் அதே எச்சரிக்கையை முதியோரும் அருகே நின்று கேட்டனர். மேலே இருக்கவேண்டிய உயிரைக் கீழே அடைத்தாய், கீழே இருக்கவேண்டிய உடலை மேலே வைத்தாய் என்ற இரட்டைக் குற்றச்சாட்டில், உடனே திருத்தக்கூடியதும் தாமதித்தாற் திருத்தமுடியாததும் எது என்பது அவர்களுக்கு விளங்கிற்று. மன்னனுக்கு விளங்கவில்லை. எல்லாம் விதி என்போருக்கும் இங்கு இடமில்லை. ஈடிப்பஸ் கதையிற் போன்று அன்ரிகனி சாகவேண்டுமென்று முன்னறிவித்த தெய்வவாக்கு எதுவும் இந்நாடகத்தில் இல்லை. சாபமுற்ற குலத்தைப் பற்றிக் கோரஸ் பாடினாலும், அதே கோரஸ்தான் விரைந்து செல் என்கின்றது.

உயிரோடிருப்பவர் கிறியோனுக்கு எவ்வாறு தென்பட்டனர் என்பதற்கு நாடகத்தின் நடுப்பகுதியிலேயே சான்றுண்டு. மகனுக்குப் பேசிய பெண்ணையா கொல்லப்போகின்றாய் என்று இஸ்மீனி கேட்டபோது, உழுவதற்கு வேறு நிலங்கள் உண்டு என்னும் கருத்தில் அவன் விடையிறுக்கின்றான். அரசியற் கொள்கையில் உறுதியானவன் என்று அவனுக்காக இரங்குவோரும் இவ்விடத்தில் முகஞ்சுளிப்பர். அவன் கணக்கில் உயிருள்ளவர் ஒருவருக்கு ஒருவர் ஈடாகக்கூடியவர். மனத்தை மாற்றிய பின்னரும் இக்கணக்கு மாறவில்லை. அவன் ஆணையை மாற்றினானேயன்றிக் கண்ணை மாற்றவில்லை எனலாம். முன்னர் பிணத்தைக் கொண்டு அரசியல் நடத்தினான். இப்போது பிணத்தைக் கொண்டு பரிகாரம் தேடுகின்றான். குகைக்குள் இருப்பவள் இரண்டு வேளையிலும் இரண்டாம் இடத்தையே பெறுகின்றாள்.

இதுவரை கூறியது கிறியோனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கமான முடிவுக்கே இட்டுச்செல்வது போலத் தோன்றலாம். நாடகம் அவ்வளவு எளிதானதன்று. கொலைக்களம் செல்லுமுன் அன்ரிகனி பேசும் இறுதி உரையில், வாசகரை நெடுங்காலமாகத் திடுக்கிடச் செய்துவந்த ஒரு பகுதியுண்டு. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ ஆணையை மீறியிருக்கமாட்டேன் என்கின்றாள். கணவன் இறந்தால் வேறொருவன் கிடைப்பான், பிள்ளை இறந்தால் வேறொரு பிள்ளை பிறக்கும்; தாயும் தந்தையும் மாண்டுவிட்ட பின் சகோதரன் மட்டும் மறுபடியும் கிடைக்கமாட்டான் என்பது அவள் தரும் காரணம். இப்பகுதி இடைச்செருகலென்று யாராவது ஓர் அறிஞர் நிறுவமாட்டாரா என்று 1827ஆம் ஆண்டு கதே ஏங்கினார். அவர் ஏக்கம் விளங்கத்தக்கதே. எழுதப்படாத நித்திய நீதியைப் பற்றி முன்னர் பேசிய வாயிலிருந்து இத்தகைய கணக்கு வருவது காதுக்கு இனிதன்று. இதையொத்த வாதம் ஹெரோடோட்டசின் வரலாற்றில் ஒரு பாரசீகப் பெண்ணின் வாயிலும் வருகின்றது. ஆயின், அரிஸ்ரோட்டில் தம் ‘அணியியல்’ நூலில் இப்பகுதியைச் சொபொக்கிளிசின் நாடகத்துக்குரியதாகவே கையாண்டுள்ளார். ஆகவே, அதனை வெட்டி எறிவதைவிட விளங்கிக்கொள்ள முயல்வதே திறனாய்வின் கடன்.

வேறு நிலங்கள் உண்டு என்று கிறியோன் சொன்னதும், வேறு கணவன் கிடைப்பான் என்று அன்ரிகனி சொல்வதும் ஒரே நாடகத்தில், சுமார் முந்நூற்று ஐம்பது வரி இடைவெளியில் வருகின்றன. எதிரிகள் இருவரும், தம்மையறியாமல், ஒரே நாணயத்திற் கணக்குப் பார்க்கின்றனர். இருவருக்கும் உயிருள்ளவர் மாற்றத்தக்கவர். இறந்தவர் மட்டுமே மாற்றமுடியாதவர். ஹேமோன் என்ற பெயரை அன்ரிகனி உச்சரிக்கும் ஒரேயொரு வரியும் ஐயத்துக்குரியது. கையெழுத்துப் பிரதிகள் அதனை இஸ்மீனிக்கே தருகின்றன. பதிப்பாசிரியர் சிலர்தாம் அன்ரிகனிக்கு மாற்றிக் கொடுத்தனர். காதலைத் தேடிய பிற்கால மனம் அந்த ஒரு வரியையாவது அவளுக்குக் கொடுக்க விரும்பியது போலும்.

பகைக்கன்றி அன்புக்கே பிறந்தவள் தான் என்று அவள் கிறியோனிடம் கூறும் இடம் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. ஆனால் நாடகத்தின் தொடக்கக் காட்சியிலேயே, தயங்கிய சகோதரிக்கு உன்னை வெறுப்பேன் என்று சொன்னவளும் அவளே. பின்னர் இஸ்மீனி தானும் குற்றத்திற் பங்கேற்று உடனிறக்க முன்வரும்போது, நீ வாழ்வைத் தெரிந்தாய், நான் சாவைத் தெரிந்தேன் என்னும் பொருள்பட விலக்கிவிடுகின்றாள். இது இஸ்மீனியைக் காப்பாற்றும் தந்திரம் என்று வாதிப்பாரும் உளர். அவ்வாறாயினும், அச்சொற்களின் குளிர்ச்சி குறைவதில்லை.

இவ்வொப்புமை கொண்டு இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது பெரும்பிழையாகும். அன்ரிகனி செய்தது செய்யப்படவேண்டிய கடன். அவள் செய்யாவிடின் யாரும் செய்திருக்கமாட்டார். அதற்குரிய விலையை அவள் தன்னுயிரால் இறுக்கின்றாள். கிறியோனோ தன் தவறுக்கான விலையைப் பிறரைக் கொண்டு இறுப்பிக்கின்றான். கல்லெறிந்து கொல்லும் தண்டனை என முதலில் அறிவித்தவன், நகரைத் தீட்டு அணுகாவண்ணம் சிறிதளவு உணவுடன் குகையில் அடைப்பதாக அதனை மாற்றிக்கொள்வது அவன் மனப்போக்கை நன்கு காட்டும். கையில் இரத்தம் படாமற் கொல்வதற்கு வழி தேடுபவன் அவன். கல்லறையே மணவறையாகிவிட்டதே என்று நடந்துசெல்லும் அன்ரிகனி, தான் இழக்கும் வாழ்வின் அருமையைக் கடைசி வேளையிலேனும் உணர்ந்து புலம்புகின்றாள். மணமும் மகவும் இன்றிப் போகும் அப்புலம்பல் அவள் சாவை விரும்பிய பித்தி அல்லள் என்பதை நிறுவும். கிறியோனுக்கு அவ்வுணர்வு மகனின் உடலைக் கைகளில் ஏந்திய பின்னரே வருகின்றது. அதற்குள் அரண்மனைக்குள் இன்னொரு சாவு நடந்துமுடிந்துவிடுகின்றது.

இருபதாம் நூற்றாண்டிற் பலர் இந்நாடகத்தை மீளப் படைத்தனர். 1944இல், நாசிகள் ஆக்கிரமித்திருந்த பாரிசில் அனூயியின் நாடகம் மேடையேறியது. 1948இல் பிரெக்ட் தம்முடைய வடிவத்தைச் சுவிற்சர்லாந்தில் அரங்கேற்றினார். 1973இல் அதொல் பூகாட், ஜோன் கானி, வின்ஸ்ரன் இன்ற்ஷோனா ஆகியோர் உருவாக்கிய ‘தீவு’ நாடகத்தில் தென்னாபிரிக்கக் கைதிகள் இருவர் சிறைக்குள் அன்ரிகனியை நடிக்கின்றனர். அடக்குமுறையின் கீழ் வாழ்ந்தோர் அவளைத் தம்மவளாக்கிக்கொண்டது இயல்பே. அது நாடகத்தின் வலிமைக்குச் சான்று. எனினும், எதிர்ப்பின் உருவமாக அவளை நிறுத்தும்போது மூலநாடகத்தின் ஓரத்தில் நிற்கும் ஒருத்தி பெரும்பாலும் மறைந்துபோகின்றாள்.

அவள் இஸ்மீனி. கிறியோன் முதலில் இரு சகோதரியருக்குமே மரணதண்டனை விதிக்கின்றான். இருவரையுமா என்று கோரஸ் கேட்க, தொடாதவளை விட்டுவிடுவதாக ஒரே வரியில் இணங்குகின்றான். அதன்பின் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. குகைக்கு இட்டுச்செல்லப்படும் வேளையில் அன்ரிகனி தீப்ஸ் நகரின் முதியோரை விளித்து, அரச குலத்தில் எஞ்சிய கடைசிப் பெண்ணாகிய தான் படும் பாட்டைப் பாருங்கள் என்கின்றாள். அவ்வேளை இஸ்மீனி அரண்மனையினுள்ளே உயிரோடுதான் இருக்கின்றாள்.