கொதிநீரில் குடியிருப்பவர்கள்

கல்முனைப் பக்கத்து ஆட்களிடம் வெந்நீரூற்று என்று சொன்னால் உடனே கன்னியா என்பார்கள். திருகோணமலைக்குச் சுற்றுலா போய் அந்த ஏழு கிணறுகளிலும் அள்ளி ஊற்றாமல் திரும்பியவர் நம்மூரில் யார்? ஆனால் நம் அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே, உகனையைத் தாண்டிப் போனால் மகாஓயா இருக்கிறது. அந்த ஊற்றுக்கு முன்னால் கன்னியா வெறும் வெதுவெதுப்புத்தான். 50 பாகை செல்சியஸைத் தாண்டும் சூடு. கையை வைத்தவர் வைத்த வேகத்தில் எடுத்துவிடுவார்.

எரிமலை எதுவும் இங்கே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அதுவே அதிசயம்தான். என்னைப் பைத்தியமாக்கியதோ தண்ணீர் வழிந்தோடும் விளிம்பு. பச்சையும் செம்மஞ்சளுமாக ஒரு வழுவழுப்பான படலம் அங்கே ஒட்டிக் கிடக்கும். நன்றாகக் குனிந்து பார்த்தால் அதன்மேல் ஊசிமுனை அளவில் வாயுக் குமிழிகள்.

"என்ன வாப்பா, பாசியா?" என்றாள் மகள்.

"கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உசிரும்மா. இந்தச் சூடுதான் இதுகளுக்கு ஊடு."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்? முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் கட்டியாவதுபோல, சாதாரண உயிர்களின் புரதங்களும் சூடு ஏறினால் குலைந்துவிடும். இந்த நுண்ணங்கிகளின் புரதங்கள் அப்படியல்ல. இறுக்கமாக மடிந்து, உள்ளுக்குள் நன்றாகப் பிணைந்து நிற்பவை. சுப்ஹானல்லாஹ், என்ன படைப்பு!

இந்த உலகத்தை நமக்குத் திறந்து காட்டியவர் தோமஸ் புரொக். அமெரிக்காவின் யெலோஸ்டோன் பூங்காவில், 1966இல் அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீசும் ஓர் ஊற்றிலிருந்து மாதிரி எடுத்தார்கள். 70 பாகையில் செழித்து வளரும் ஒரு பற்றீரியா அதிலிருந்து கிடைத்தது. 1969இல் 'தேர்மஸ் அக்குவாட்டிக்கஸ்' என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்கள். புரொக் மருந்து தேடிப் போகவில்லை, காசு தேடியும் போகவில்லை. அந்தச் சூட்டில் என்ன வாழ்கிறது என்று அறியத்தான் போனார். அந்த மனிதரை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

1983இல் கேரி முல்லிஸ் டீஎன்ஏயைப் பல மடங்காகப் பெருக்கும் வழியைக் கண்டார். அதுதான் பீசீஆர். அதில் ஒவ்வொரு சுற்றிலும் 95 பாகை அளவுக்குச் சூடாக்கினால்தான் டீஎன்ஏயின் இரு இழைகளும் பிரியும். அந்தச் சூட்டில் அப்போதிருந்த நொதியம் செத்துவிடும், சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்றவேண்டும். யெலோஸ்டோன் பற்றீரியாவின் நொதியத்தைப் போட்டார்கள். அது அசையவில்லை! சுற்றுக்குப் பின் சுற்றாக வேலை செய்துகொண்டே இருந்தது. முல்லிஸுக்கு 1993இல் நோபல் பரிசு.

2020 கடைசியில் அக்கரைப்பற்று, கல்முனை என்று கொரோனா பரவியபோது, மூக்கில் குச்சி விட்டுக்கொண்டு பீசீஆர் முடிவுக்காக வீட்டுக்குள் காத்துக் கிடந்தோமே. அந்தப் பரிசோதனை நின்றது இந்த வெந்நீர்க் குடிகளின் நொதியத்தில்தான். இதை நான் சொல்லாத உறவினர் இல்லை, சொல்லாத கல்யாண வீடும் இல்லை.

நம் இந்து சமுத்திரத்தின் அடியிலும் ஒரு சாதனையாளர் இருக்கிறார். நடு இந்து சமுத்திர மலைத்தொடரின் கைரேய் வெந்நீர்த் துவாரங்களில் கிடைத்த ஒரு நுண்ணங்கியை ஜப்பானிய விஞ்ஞானி கென் தக்காய் குழுவினர் கடும் அழுத்தத்தில் வைத்து 122 பாகையில் பெருக வைத்தார்கள். 2008இல் அதை அறிவித்தார்கள். தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டி உயிர் இரண்டாகப் பிரிந்து பெருகுகிறது!

நம் நாட்டு ஊற்றுகளிலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீர் அள்ளி, மரபணுவை வாசித்து, உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்து வருகிறார்கள். நம் மாவட்டத்துக் கபுரெல்ல ஊற்று மகாஓயாவையும் விடச் சூடானது. ஒளித்தொகுப்பு செய்யும் உயிர்கள் தாங்கும் எல்லை 73 பாகை அளவுதான் என்று காட்டியவரும் புரொக்தான். அந்த எல்லைக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கபுரெல்லயில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பதே இப்போது என் பெரிய ஆசை.

மகாஓயா போகிறவர்கள் சுபஹ் தொழுத கையோடு புறப்படுங்கள், வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். பிள்ளைகளைச் சூடான தொட்டிக்குத் தள்ளியே நிறுத்துங்கள். சவர்க்காரம், ஷாம்பூ எதுவும் ஊற்றுப் பக்கம் வேண்டாம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி கட்டாயம் கொண்டுபோங்கள், படலத்தைச் சுரண்டாமல் குனிந்து பாருங்கள்.