ஒற்றைக் கேள்விக்குறி

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். ஏன், தெருமுனையில் புதுசாகத் திறந்த ஓட்டலின் ரவா தோசைக்குக்கூட எழுதுகிறோம். ஆனால், தினம் தினம் எத்தனையோ பேர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிற ஓர் எழுத்து வகைக்கு விமர்சகரே கிடையாது. தப்பு நடந்தால் கம்ப்யூட்டர் புரோகிராம் திரையில் எழுதுகிறதே ஒரு வரி, அந்த எரர் மெசேஜைத்தான் சொல்கிறேன்.

அதிலும் கமாண்ட் லைன் புரோகிராம்களை மட்டும் பார்ப்போம். ஐகான், மவுஸ் எதுவும் இல்லாத கறுப்புத் திரை. கட்டளையை டைப் அடித்து என்டர் தட்டினால் வேலை நடக்கும். நீங்கள் பார்த்ததில்லை என்றாலும், நீங்கள் பார்க்கிற வெப்சைட்டுகளின் பின்கட்டில் இன்றைக்கும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. படம் காட்டி மழுப்ப வழியில்லை. எழுத்தை வைத்தே பேசியாக வேண்டும். யோக்கியதை அங்கேதான் தெரியும்.

முதலில் 'எட்'. 1969-ல் பெல் லேப்ஸில் கென் தாம்ஸன் யூனிக்ஸுக்காக எழுதிய எடிட்டர். நீங்கள் என்ன தப்பு செய்தாலும் அது சொல்கிற பதில் ஒரே எழுத்து: '?'. கட்டளை புரியவில்லையா, '?'. இல்லாத வரியைக் கேட்டீர்களா, '?'. சேமிக்காமல் கிளம்பப் பார்த்தீர்களா, அதற்கும் '?'. சில வீடுகளில் மாமனார் வாயே திறக்காமல் புருவத்தை மட்டும் உயர்த்துவாரே, அந்த ரகம். தாம்ஸன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அன்றைக்குத் திரை கிடையாது. டெலிடைப் என்ற மெஷின் தாளில் நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் டக்கு டக்கு என்று அடிக்கும். நீளமாகத் திட்டினால் முடிவதற்குள் டீ ஆறிவிடும்.

எம்.எஸ். டாஸுக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஃப்ளாப்பி போடாமல் 'ஏ' டிரைவைத் தொட்டால், டிரைவ் தயாராக இல்லை என்று ஒரு வரி சொல்லும். அதுவரைக்கும் சரி. அடுத்த வரிதான் வில்லன்: 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?' ரீட்ரை புரிகிறது. மற்ற இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று புரோகிராமையே சாகடித்துவிடும், நீங்கள் சேமிக்காமல் வைத்த வேலையோடு. இன்னொன்று, 'படிக்க முடியவில்லை' என்று புரோகிராமிடம் சொல்லிவிட்டு அதன் பாட்டுக்கு விடும். இதைத் தெரியாதவரிடம் போய் 'எது வேணும், சொல்லு' என்றால்?

யூனிக்ஸில் இன்னொரு பிரசித்தமான வசனம் உண்டு: 'நாட் எ டைப்ரைட்டர்'. 'இது டைப்ரைட்டர் அல்ல' என்று அர்த்தம். யார் சொன்னது டைப்ரைட்டர் என்று? மெயில் அனுப்பப் போனவர்களுக்கெல்லாம் இந்தப் பதில் வந்திருக்கிறது. டெர்மினலிடம் மட்டும் கேட்க வேண்டியதை ஒரு ஃபைலிடம் கேட்டுவிட்டால், சிஸ்டம் உள்ளுக்குள் போட்டுவைக்கிற குறிப்பு அது. பிறகு வேறெங்கோ தகராறு வந்தபோது, கையில் கிடைத்த அந்தப் பழைய குறிப்பை எடுத்து நீட்டிவிட்டது புரோகிராம். நான் பி.காம். படித்தவன். ட்ரயல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவைப்போம். ஆனால் அதை வாடிக்கையாளருக்கு பில்லாக அனுப்ப மாட்டோம்!

நல்லதையும் சொல்ல வேண்டும். அதே பெல் லேப்ஸில் 1970-களில் ஒரு ஃபோட்டோ டைப்செட்டர் இருந்தது. அதில் ஆசையாகப் பக்கம் அச்சுக்கோத்துப் பார்த்தால், பக்கத்துக்குப் பதிலாக எரர் மெசேஜ் அழகாக அச்சாகி வந்தது. சரக்கும் புகாரும் ஒரே குழாயில் போனால் வேறென்ன ஆகும்? அதற்குப் பிறகுதான் புகாருக்கென்று தனிக் குழாய் போட்டார்கள். ஸ்டாண்டர்ட் எரர் என்று பெயர். என்னைக் கேட்டால் கம்ப்யூட்டர் உலகின் மிக நாகரிகமான யோசனைகளில் ஒன்று.

'க்ரெப்' என்ற தேடும் புரோகிராமும் எனக்குப் பிடிக்கும். கிடைத்தால் 0, தேடியும் கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாவிட்டால் 2 என்று எண் கொடுத்துவிட்டுப் போகும். 'இல்லை'க்கும் 'தெரியலை'க்கும் இருக்கிற வித்தியாசம் நம் அரசாங்க கவுன்ட்டர்கள் பலவற்றுக்கு இன்னும் எட்டவில்லை.

இன்றைய 'கிட்'டில் கட்டளையை ஸ்பெல்லிங் தப்பாக அடித்தால், 'இதையா சொன்னே?' என்கிற மாதிரி பக்கத்துச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. 'ரஸ்ட்' கம்பைலர் தப்பான இடத்தைக் கோடு போட்டுக் காட்டி, பல நேரம் திருத்தத்தையும் சொல்லிவிடுகிறது. பாராட்டுவோம்.

எரர் வந்தால் வேலை நின்றுவிடும், வேறு வழியில்லாமல் படிப்போம். வார்னிங் அப்படியில்லை. சொல்லிவிட்டு வழிவிட்டுவிடும். பத்து வந்தால் படிப்பீர்கள். இருநூறு வந்தால்? ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆடிட்டர் எழுதியதைப் படிப்பது போலத்தான் படிப்பீர்கள். அதனால்தான் சி கம்பைலர்களில் 'வார்னிங்கையும் எரராகவே எடுத்துக்கொள்' என்று ஒரு சுவிட்சே வைத்திருக்கிறார்கள்.

பழகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு, கமாண்ட் லைனுக்கு ஒன்றுவிட்ட உறவுக்காரனான ஒரு மெஷினைச் சொல்கிறேன். தெராக்-25. கனடாவில் தயாரான புற்றுநோய்க் கதிர்வீச்சு மெஷின். இதற்கும் எழுத்து மட்டுமே வரும் திரை, ஒரு கீபோர்டு, அவ்வளவுதான். ஏதாவது சரியில்லை என்றால் 'மால்ஃபங்ஷன்' என்று போட்டு ஒரு நம்பர் காட்டும். அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று ஆபரேட்டரின் கையேட்டில் இல்லை. ஒரே நாளில் நாற்பது முறைகூட இப்படி நின்றதுண்டு. 'பி' என்ற கீயைத் தட்டினால் மேலே ஓடும். எல்லோரும் தட்டினார்கள்.

1986 மார்ச்சில் டெக்ஸாஸ் மாநிலம் டைலரில் ஓர் ஆபரேட்டர் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, கர்ஸரை மேலே கொண்டுபோய் வேகமாகத் திருத்தினார். அந்த வேகத்தை புரோகிராமால் தாங்க முடியவில்லை. 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தது. கொடுத்த டோஸ் ரொம்பக் குறைவு என்று திரை காட்டியது. வழக்கம் போல் 'பி'. உள்ளே படுத்திருந்தவர் மேல் கதிர்வீச்சு இரண்டாவது முறையும் பாய்ந்தது. மூன்று வாரம் கழித்து அதே மருத்துவமனையில் இன்னொருவர், அதே 54. இரண்டு பேரும் அந்த வருடமே இறந்துபோனார்கள். 1985-க்கும் 1987-க்கும் நடுவே இந்த மெஷினில் மொத்தம் ஆறு விபத்துகள்.

மூலக் காரணம் புரோகிராமுக்குள் இருந்த தப்புதான், மெசேஜ் அல்ல. ஆனால் அந்த 'பி'யைத் தட்டாமல் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கக்கூடியது மெசேஜ் ஒன்றுதான். 54-க்கு என்னதான் அர்த்தம்? டோஸ் ரொம்ப அதிகம், அல்லது ரொம்பக் குறைவு. இரண்டில் எது என்று அதற்கே தெரியாது.

1986 ஏப்ரலில் அந்தக் கம்பெனி, மெஷின் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதியது. கர்ஸரை மேலே நகர்த்தும் கீயின் மூடியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே டேப் ஒட்டிவிடுங்கள் என்று. என்ன கோளாறு, ஒட்டாவிட்டால் நோயாளிக்கு என்ன ஆபத்து என்பதைச் சொல்லவே இல்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அந்தக் கடிதத்தையே குறை சொல்லித் திருப்பி எழுத வேண்டியிருந்தது.