அன்னம் என்ன சாப்பிட்டது?

தமிழில் ஏலியன் கதை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு பழைய குறை உண்டு. வேற்றுக்கிரகத்திலிருந்து ஓர் உயிர் வந்து இறங்கும். அதற்குப் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், நம்மைவிட நாலு நூற்றாண்டு முன்னேறிய தொழில்நுட்பம் இருக்கும். ஆனால் அது என்ன சாப்பிடும், மழை வந்தால் எங்கே ஒதுங்கும், முட்டையிடுமா குட்டி போடுமா என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்காது. சிறகு இருந்தால் இன்னும் மோசம். முதுகில் ரெண்டு சிறகை ஒட்டவைத்த மனிதன், அவ்வளவுதான். நம் அறிவியல் புனைவில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற, மனிதரல்லாத ஒரு பாத்திரத்தைச் சொல்லச் சொன்னால் சுஜாதாவின் ஜீனோவைச் சொல்வார்கள். அதுவும் இயந்திர நாய். பசிக்காது.

"நம்ம மரபுல இந்த மாதிரி யோசிச்சதே இல்லையே சார்" என்று எங்கள் ஊர் இளம் எழுத்தாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். பறக்கும் உயிரினம் ஒன்றைக் கற்பனை செய்து, அதன் உடலமைப்பு, மொழி, சடங்கு என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறார். நோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்வதுதான் கொஞ்சம் அதிகம். இந்த ஊரின் கதையே பறந்து தோற்ற ஓர் உயிரைப் பற்றியது.

தெரிந்த கதைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யார் பெரியவர் என்று பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் சண்டை. நடுவில் அடியும் முடியும் தெரியாத நெருப்புத் தூண். விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டிக்கொண்டு கீழே போகிறார், பிரம்மா அன்னமாகி மேலே பறக்கிறார். விஷ்ணு திரும்பி வந்து முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பிரம்மாவோ வழியில், சிவன் தலையிலிருந்து நழுவி யுகக்கணக்காக விழுந்துகொண்டிருக்கும் தாழம்பூவைச் சந்திக்கிறார். முடியைப் பார்த்ததாகச் சாட்சி சொல்லக் கேட்கிறார். பொய் பிடிபடுகிறது. பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போகிறது, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லாமல் போகிறது. அந்தத் தூண்தான் மலையாகக் குளிர்ந்து நிற்கிறது என்பது ஊர் நம்பிக்கை. அண்ண முடியாத, அதாவது நெருங்க முடியாத மலை என்று பெயருக்கே பொருள் சொல்வார்கள். சம்பந்தர் ஏறக்குறைய எல்லாப் பதிகங்களிலும் ஒன்பதாம் பாட்டை இந்தத் தேடலுக்கென்றே ஒதுக்கிவிடுகிறார். கருவறையின் மேற்குச் சுவரில் லிங்கோத்பவர் நிற்கும் எந்தக் கோயிலிலும் பார்க்கலாம்: மேலே ஓர் ஓரமாக அன்னம், கீழே பன்றி.

இதை ஆணவம் அடங்கிய கதையாகத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சைவ வைணவப் போட்டியாகவும் படித்திருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. எனக்கு உறுத்துவது வேறொன்று. ஏன் பறந்தவர் பொய் சொன்னார், தோண்டியவர் சொல்லவில்லை? ரெண்டு பேருக்கும் ஆணவம் சமம்தானே, சண்டையே அதில்தானே ஆரம்பித்தது?

உடலைப் பாருங்கள். பன்றிக்கு முன்னால் இருப்பது மண். ஒவ்வொரு முழத்தையும் மூஞ்சியால் முட்டிக் கொம்பால் பெயர்க்க வேண்டும். ஒரே இருட்டு, எதிரே எதுவும் வராது. தோற்றால் தோற்றதுதான், கூட்டுச் சேர்க்க அங்கே ஆள் கிடையாது. பறவை இருப்பது திறந்தவெளி. அங்கே மேலிருந்து எதுவாவது விழும். விழுகிற பூவுக்கு 'நான் மேலேயிருந்து வருகிறேன்' என்கிற ஒரு தகுதி தானாகவே வந்துவிடுகிறது. பொய் சொல்ல ஆசைப்படுவதற்கு ஆணவம் போதும். அதை ஜோடிப்பதற்கு ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சி வானத்தில்தான் கிடைக்கிறது.

அதாவது, ஓர் உயிர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதன் உடலிலிருந்தும் அது புழங்கும் வெளியிலிருந்தும் இந்தக் கதை எடுக்கிறது. வேற்றுயிரைப் புனைகிறவர் செய்யவேண்டிய வேலையும் இதேதான்.

சங்கக் கவிஞர்கள் இந்த வேலையை ரொம்ப இயல்பாகச் செய்திருக்கிறார்கள். புறநானூற்று 67ஆம் பாட்டில் பிசிராந்தையார் ஓர் அன்னச்சேவலோடு பேசுகிறார். அது குமரித்துறையில் அயிரை மீனைத் தின்றுவிட்டு வடமலைக்குப் போகிற அன்னம். போகிற வழியில் உறையூரில் இறங்கி, கோப்பெருஞ்சோழனிடம் என் பெயரைச் சொன்னால் உன் பேடைக்கு நகை தருவான் என்கிறார். சில வரிகளுக்குள் அந்தப் பறவைக்கு இரை, வலசைப் பாதை, துணை, நடுவழியில் தங்க ஓர் இடம் எல்லாம் வந்துவிடுகின்றன. நகை மட்டும்தான் கற்பனை, மற்றதெல்லாம் பறவை. பிற்காலத்து அன்னத்துக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். நளவெண்பாவில் தூது போகிறது, அழகாகப் பேசுகிறது. மற்றபடி பாலையும் நீரையும் பிரிக்கிறது, நடையழகுக்கு உவமையாகிறது. அயிரை மீனைக் காணோம். ஒரே ஒரு குணத்தைச் சுமப்பதற்காக உயிரோடு வைக்கப்பட்ட பறவை அது. எனக்கு அந்தப் பால் அன்னத்தின் மேல் மரியாதையே கிடையாது.

மகன்றிலையும் அசுணத்தையும் ஒற்றைக் குணப் பிராணிகள் என்று சொல்லலாம். மகன்றிலுக்குப் பிரிவு தாங்காது, நடுவில் ஒரு பூ வந்தாலே ஒரு வருஷம் போனமாதிரி இருக்கும் என்கிறது குறுந்தொகை. அசுணத்துக்கு இசை கேட்கும் காது, அவ்வளவுதான். அது பறவையா விலங்கா என்றே இன்னும் சண்டை தீரவில்லை. ஆனால் அகநானூற்று 88இல் அசுணம் மலைப்பிளவின் குகைக்குள் இருக்கிறது. யானையின் மதநீரில் மொய்க்கிற வண்டுகளின் ஒலியை யாழ் என்று நினைத்து உற்றுக் கேட்கிறது. அந்தக் காது சும்மா இல்லை, ஒரு காட்டுக்குள் இருக்கிறது. தப்பாகவும் கேட்கிறது. கற்பனைப் பிராணியைத் தப்பு செய்யவிடுகிற கவிஞரை நான் நம்புவேன்.

இதையே நாவல் அளவுக்கு விரித்தவர் என்று அமெரிக்கரான போல் ஆண்டர்சனைச் சொல்லலாம். இன்று பறக்கிற பறவைகளில் மிகக் கனமானவையே 20 கிலோவை ஒட்டி நின்றுவிடுகின்றன. எடை கூடக்கூடப் பறப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தசைகள் தருவது சிரமம். அப்படியானால் பெரிய மூளையோடு ஒரு பறவை எப்படிப் பறக்கும்? 1973இல் வந்த 'தி பீப்பிள் ஆஃப் த விண்ட்' நாவலின் இத்ரி இனத்துக்கு அவர் உடலின் பக்கவாட்டில் செவுள் மாதிரியான உறுப்புகளைக் கொடுத்தார். சிறகடிக்கும்போது அவை கூடுதலாகக் காற்றை உள்ளே தள்ளும். கால்கள் கைகளாகிவிட்டதால் தரையில் சிறகு மூட்டுகளை ஊன்றித்தான் நடக்க வேண்டும். அவை இறைச்சி தின்பவை, ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெரிய வேட்டைநிலம் வேண்டும், ஆகவே நகரமும் வலுவான அரசும் உருவாகவில்லை. செவுளில் ஆரம்பித்து அரசியலில் வந்து நிற்கிறது. முதல் தடவை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. இந்த இனம் பிறப்பிலேயே இப்படி, ஆகவே இதன் பண்பாடும் இப்படி. இந்த மாதிரி வாக்கியத்தை வேறெங்கோ படித்திருக்கிறேனே?

படித்தது எட்கர் தர்ஸ்டனில். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர், நம் ஆட்களின் மூக்கை அளந்து குறித்துக்கொண்டவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. அகரவரிசையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பதிவு: உடல், உணவு, திருமணம், சடங்கு, சுபாவம். வேற்றுக்கிரக இனத்துக்கு நண்பர்கள் எழுதுகிற குறிப்பேடுகளின் வடிவமும் அச்சு அசல் இதுதான். 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு அடியில் இருந்ததும் இதே நம்பிக்கை. பிறப்பைச் சொன்னால் நடத்தையைச் சொல்லிவிடலாம் என்பது. சாதி உள்ள ஊரிலிருந்து எழுதுகிறவர்களுக்கு இது வெறும் புனைவு உத்தியாக இருக்க முடியாது.

நண்பரின் நோட்டில் எனக்குப் பிரச்சினையான இடமும் இதுதான். உடலமைப்பை அற்புதமாக எழுதியிருந்தார். எலும்புகளின் உள்ளீடற்ற அமைப்பு, தோல்சிறகு, கூட்டமாக உறங்கும் முறை எல்லாம் கச்சிதம். அடுத்த பக்கத்தில், மேல்காற்றில் பறக்கிறவர்கள் இயல்பிலேயே ஞானிகள், தாழப் பறக்கிறவர்கள் இயல்பிலேயே உழைப்பாளிகள். "இயல்பிலேயேன்னு யார் சொன்னது, மேல பறக்கறவங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். அடுத்த வாரம் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டதாகச் சொன்னார். கிழித்திருக்க வேண்டாம். 'மேலே பறப்பவர்கள் இப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்' என்று மாற்றினால் அதுவே கதை.

வேடிக்கை என்னவென்றால், ஆண்டர்சனே இதற்கு முன்பு எழுதிய ஒரு நாவலில் இந்தக் கண்ணியைத் தாண்டியிருக்கிறார். 1958இல் வந்த 'தி மேன் ஹூ கவுண்ட்ஸ்'. அடர்ந்த காற்றும் உலோகப் பஞ்சமும் உள்ள ஒரு கிரகம். சிறகுள்ள ரெண்டு மக்கள் கூட்டங்கள். ஒன்று வருஷாவருஷம் வலசை போவது, குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் இணை சேர்வது. இன்னொன்று கடலில் மரக்கலங்களிலேயே வாழ்வது, பருவம் பார்க்காமல் இணை சேர்வது. ஒருத்தர் முறை இன்னொருத்தருக்கு அருவருப்பு, அதனால்தான் சண்டையே. கடைசியில் தெரிகிறது, ரெண்டும் ஒரே இனம். வலசையின் கடும் உழைப்புதான் ஒரு கூட்டத்தின் உடலைப் பருவத்துக்குள் அடக்கி வைத்திருக்கிறது. பிறப்பு வேறு என்று நினைத்தது பிழைப்பு வேறு என்று ஆகிறது. நடை சுமார்தான், ஒரு வியாபாரியின் அலட்டல் பாதிப் புத்தகத்தைத் தின்றுவிடுகிறது. இருந்தாலும், இத்ரி எவ்வளவு அழகானது என்றாலும், தமிழில் எழுதப்போகிறவருக்கு நான் கொடுப்பது இந்தப் பழைய நாவலைத்தான்.

திரும்ப எங்கள் ஊர் அன்னத்துக்கு வருகிறேன். பொய் சொன்ன பறவை என்பதோடு அதை விட்டுவிட்டார்கள். அது எப்படிப் பறந்தது என்று யாரும் எழுதவில்லை. புராண அன்னம் என்பது வரித்தலை வாத்துதான் என்று சொல்பவர்கள் உண்டு. பிசிராந்தையாரின் அன்னம் மீன் தின்கிறது, வரித்தலை வாத்து பெரும்பாலும் புல் மேய்வது, ஆகவே நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளம் வரைக்கும் வருகிற பறவை அது. இமயத்தைக் கடக்கும்போது 7000 மீட்டருக்கு மேலே பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மற்ற வாத்துகளைவிட அதன் ரத்தம் மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். வெயில் ஏறியதும் மலைச்சரிவில் சிறகை விரித்துவைத்துக்கொண்டு வட்டமடித்தே மேலே போய்விடுகிற பருந்தின் வசதி அதற்கு இல்லை. கிட்டத்தட்ட வழி முழுக்கச் சிறகடித்துத்தான் தீரவேண்டும். அதற்குக் கொழுப்பு வேண்டும், நடுவில் இறங்கி மேய இடம் வேண்டும். நெருப்புத் தூணின் பக்கத்தில் எங்கே இறங்குவது? தாழம்பூ எதிரே வந்தபோது அந்தப் பறவை சாப்பிட்டு எத்தனை நாளாகியிருக்கும்?