இரண்டு பழைய விளையாட்டுகளும் நியூட்டனின் முதல் விதியும்

பழைய கணிப்பொறி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இளமை நினைவுகளையே பேசுகின்றனர். அந்த நினைவுகளை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பாடநூலை மதிப்பிடுவது போல அவற்றை மதிப்பிட்டால் என்ன? எது சரி, எது பிழை, ஆடுபவர் மனத்தில் எது தங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு இரண்டு விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1984-இல் வெளிவந்த 'எலைட்'. மற்றொன்று 1986-இல் வெளிவந்த 'திரஸ்ட்'. இரண்டுமே பிரிட்டனில், பிபிசி மைக்ரோ என்னும் கணிப்பொறிக்காக எழுதப்பட்டவை. பள்ளிகளில் கணிப்பொறிக் கல்விக்கென இந்திய அரசு 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்திலும் இக்கணிப்பொறியே இடம்பெற்றது.

32 கிலோபைட்டில் ஓர் அண்டம்

எலைட்டை எழுதிய டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் அப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள். ஆடுபவருக்கு ஒரு விண்கலமும் சிறிது பணமும் கொடுக்கப்படும். கோளுக்குக் கோள் சென்று சரக்கு வாங்கி விற்க வேண்டும்; வழிமறிக்கும் கொள்ளையரைச் சமாளிக்க வேண்டும். எட்டு விண்மீன் திரள்கள். ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். ஆக மொத்தம் 2,048. ஒவ்வொரு கோளுக்கும் பெயர், ஆட்சி முறை, பொருளாதாரம், மக்கள்தொகை எல்லாம் உண்டு.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கோளின் விவரங்களுக்கு 20 பைட் ஒதுக்கினால், 2,048 கோள்களுக்கு 40,960 பைட் வேண்டும். பிபிசி மைக்ரோவின் மொத்த நினைவகமே 32 கிலோபைட், அதாவது 32,768 பைட்தான். அதிலும் திரையில் படம் காட்டுவதற்கே சுமார் 8 கிலோபைட் போய்விடும். அப்படியானால் இத்தனை கோள்களும் எங்கே இருந்தன?

எங்கும் இல்லை என்பதே விடை. நினைவகத்தில் இருந்தவை மூன்று எண்களும் ஒரு விதியும் மட்டுமே. மூன்று எண்களையும் கூட்டி நான்காவது எண்ணைப் பெற வேண்டும். பிறகு கடைசி மூன்றைக் கூட்டி ஐந்தாவதைப் பெற வேண்டும். 1, 2, 3 என்று தொடங்கினால் 6, 11, 20, 37 என்று தொடர் வளரும். தொகை 65,536-ஐ எட்டினாலோ மிஞ்சினாலோ, அதனால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு கிடைக்கும் எண்களின் இலக்கங்களிலிருந்தே கோளின் பெயரும் பிற விவரங்களும் பிறக்கின்றன. விதி ஒன்றே என்பதால் எத்தனை முறை திரும்பி வந்தாலும் அதே கோள் அதே பெயருடன் இருக்கும்.

எலைட்டின் உண்மையான பெருமை இதுதான் என்பேன். டைக்கோ பிராகி ஆண்டுக்கணக்கில் கோள்களின் இடங்களை அளந்து அட்டவணைகளாக எழுதி வைத்தார். கெப்ளர் அவற்றை மூன்று விதிகளில் அடக்கினார். பட்டியலை விட்டு விதியைப் பிடிப்பதே அறிவியலின் வழி. இடப்பற்றாக்குறை இந்த இரு மாணவர்களையும் அதே வழியில் நடத்தியது.

பறக்கும் காட்சியிலும் ஒரு நுட்பம் உண்டு. எலைட்டின் கணக்கில் நம் கலம் எப்போதும் ஆதிப்புள்ளியிலேயே நிற்கிறது. மற்ற எல்லாப் பொருள்களும் அதைச் சுற்றி நகர்கின்றன, சுழல்கின்றன. இயக்கம் சார்பானது என்னும் பாடம் இங்கே கணக்கு முறையாகவே அமைந்துவிட்டது. கலம் திரும்பும்போது ஒவ்வொரு பொருளையும் சுழற்ற சைன், கொசைன் மதிப்புகள் வேண்டும். அவற்றைக் கணிக்க நேரமில்லை. எனவே கோணம் சிறியது என்று கொண்டு, சைனுக்குப் பதிலாகக் கோணத்தையும் கொசைனுக்குப் பதிலாக 1-ஐயும் வைத்தார்கள். 0.1 ரேடியன் கோணத்துக்குக் கொசைன் 0.995, பிழை மிகச் சிறிது. ஆயினும் சிறு பிழைகள் சேர்ந்தால் கலங்களின் வடிவம் கோணலாகும். ஆகவே அவ்வப்போது அவற்றின் அச்சுகளைத் திரும்பச் செங்குத்தாக்கும் பகுதி ஒன்றையும் நிரலில் சேர்த்தார்கள். தனி ஊசல் பாடத்தில் சிறு கோணத் தோராயத்தை மனப்பாடம் செய்யும் மாணவர், அது எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பதை இங்கே காணலாம்.

ஆனால் கலம் எப்படிப் பறக்கிறது?

இவ்வளவு புகழுக்கும் பிறகு ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். எலைட்டில் வேகத்தைக் குறைத்தால் கலம் தானே மெதுவாகிறது. மூக்கைத் திருப்பினால் போகும் திசையும் உடனே திரும்புகிறது. உச்ச வேகம் ஒன்று உண்டு. அதற்கு மேல் போகாது. காற்றே இல்லாத வெளியில் கலத்தை மெதுவாக்குவது எது? இது நியூட்டனின் விண்வெளி அன்று. சாலையில் ஓடும் மோட்டார் வண்டி.

இதைச் சிறு குறை என்று தள்ள முடியவில்லை. சீரான வேகத்தில் செல்லும் பொருளுக்கு விசை வேண்டுமா என்று வகுப்பில் கேட்டால், முதல் விதியைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர்களிலேயே பலர் "வேண்டும்" என்கின்றனர். உராய்வு நிறைந்த உலகில் வாழ்ந்து பழகிய நமக்கு இத்தவறு இயல்பானது. அதைக் களைய விண்வெளியே சிறந்த இடம். அங்கேயும் பழைய எண்ணத்தையே காட்டுவது, கிடைத்த நல்வாய்ப்பை இழப்பதாகும்.

"அன்றைய கணிப்பொறிக்கு அவ்வளவுதான் முடியும்" என்று சிலர் வாதிடலாம். அதை மறுக்கும் சான்றுதான் ஜெரமி ஸ்மித் எழுதிய திரஸ்ட். அதே பிபிசி மைக்ரோ, அதே 32 கிலோபைட். பெயருக்குப் பொருளே உந்துவிசை. குகைக்குள் ஒரு கலம் இறங்க வேண்டும். கீழே ஈர்ப்பு இழுக்கிறது. உந்துவிசையை நிறுத்தினாலும் கலம் போன போக்கிலேயே போகிறது. அதை நிறுத்த, திரும்பி எதிர்த்திசையில் உந்த வேண்டும். கனமான உருண்டை ஒன்றைத் தண்டு போன்ற கதிரால் கவர்ந்து மேலே கொண்டு வர வேண்டும். உருண்டை சேர்ந்ததும் அதே உந்துவிசைக்குக் கலம் மந்தமாகவே எழுகிறது. பக்கவாட்டில் சற்று உந்தினால் உருண்டை ஊசலாடுகிறது. அதன் ஆட்டம் கலத்தையும் இழுத்துச் சுவரில் மோதவைக்கிறது. முடுக்கம், நிறை, ஊசல் மூன்றையும் விரல்களே கற்றுக்கொள்கின்றன.

6 கட்டங்களை முடித்தால் ஈர்ப்பின் திசை தலைகீழாகிறது. சமன்பாட்டில் ஒரு குறி மாறினால் உலகமே மாறுவதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. அதன் பின் குகைச் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. இதை நான் பாராட்டமாட்டேன். அது நினைவாற்றலைச் சோதிக்கிறதே தவிர வேறொன்றும் இல்லை.

உண்மை சுவையைக் கெடுக்குமா?

எலைட்டின் தொடர்ச்சியாக 1993-இல் வந்த 'ஃபிரான்டியர்' நியூட்டனின் விதிகளை முழுமையாகக் கடைப்பிடித்தது. விளைவு? பகைக்கலங்கள் பெரும் வேகத்தில் ஒன்றையொன்று கடந்து மறைந்தன. சண்டையிடுவது கடினம் என்று பலர் குறைகூறினர். 2014-இல் வந்த 'எலைட் டேஞ்சரஸ்' மீண்டும் உச்ச வேக வரம்புக்கே திரும்பிற்று. இதைக் கண்டு, உண்மையான இயற்பியல் விளையாட்டுக்கு ஆகாது என்று முடிவு கட்டுவோர் உண்டு.

அம்முடிவு சரியன்று. ஃபிரான்டியர் வானூர்திச் சண்டையை எடுத்து அதன் மேல் நியூட்டனை ஏற்றி வைத்தது, இரண்டும் ஒட்டவில்லை. திரஸ்ட்டிலோ விதியே விளையாட்டு. ஈர்ப்பையும் நிலைமத்தையும் நீக்கிவிட்டால் அங்கே ஆடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

பழைய கணிப்பொறிகளைப் போலவே இயங்கும் போன்மிகள் இன்று கிடைப்பதால், இரண்டையும் இப்போதும் ஆடிப் பார்க்கலாம். மாணவர் ஓர் எளிய சோதனை செய்யட்டும். இரண்டிலும் கலத்தை வேகமாகச் செலுத்தி, பின் விசையை விட்டுவிட்டு என்ன நிகழ்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். எலைட், ஓர் அண்டத்தைச் சில எண்களில் எப்படி அடக்கலாம் என்று கற்பிக்கும். அந்த அண்டத்தில் பொருள்கள் எப்படி நகரும் என்பதைத் திரஸ்ட்டின் இருண்ட குகையில்தான் கற்க வேண்டும்.