அட்டவணையில் ஏறாத செலவு

அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைகளில் யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு வேலைக்கு வர வேண்டும் என்பதை இப்போது பெரும்பாலும் மென்பொருளே வகுக்கிறது. நிர்வாகம் அதை மெச்சுகிறது. ஊழியர் பலர் அதனால் அல்லல்படுகிறார்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு. என் பார்வையில் கோளாறு கணினியில் இல்லை, எவற்றையெல்லாம் செலவாகக் கொள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்லப்பட்டிருப்பதில் இருக்கிறது.

முந்தைய ஆண்டுகளின் விற்பனை, பில் எண்ணிக்கை, வாசல் கருவி எண்ணிய தலைகள், விடுமுறை நாள்கள், வானிலை ஆகியவற்றைக் கொண்டு, வரும் வாரத்தின் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் எத்தனை பேர் தேவை என்று மென்பொருள் கணிக்கிறது. ஊழியர் எப்போது வர இயலும், யாருக்குக் கல்லா பார்க்கத் தெரியும், சட்டப்படி இடைவேளை எப்போது என்ற நிபந்தனைகளைப் பொருத்துகிறது. பின்பு தலைமை அலுவலகம் ஒதுக்கிய சம்பளத் தொகைக்குள் அடங்குமாறு ஷிப்டுகளைப் பிரிக்கிறது.

இதன் நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. காகிதத்தில் அட்டவணை போட்ட காலத்தில் கடை மேனேஜரின் பல மணி நேரம் அதிலேயே கழிந்தது. அவருக்கு வேண்டியவருக்கு நல்ல ஷிப்ட், வேண்டாதவருக்கு சனி, ஞாயிறு என்ற பாரபட்சத்துக்கும் அங்கே இடமிருந்தது. வயது குறைந்த ஊழியரின் வேலை நேர வரம்பு மீறப்பட்டால் மென்பொருள் உடனே எச்சரிக்கும். கூட்ட நேரத்தில் போதிய ஆள் இருந்தால் வாடிக்கையாளரும் காத்திருக்க வேண்டாம், கல்லாவில் நிற்பவரும் திணற வேண்டாம்.

ஆனால் கடைக்கு ஒரு மணி நேரச் சம்பளம் எவ்வளவு என்று துல்லியமாக அறிந்த அந்தக் கணக்கில், கடைசி நேர மாற்றத்தால் ஊழியருக்கு ஆகும் செலவு பூஜ்யம். குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்த பணம், தவறிய கல்லூரி வகுப்பு, கைவிட்ட இரண்டாவது வேலை எதுவும் அதில் ஏறுவதில்லை. விலை இல்லாத பொருளைக் கணினி தாராளமாகச் செலவழிக்கும். கூட்டம் குறைந்தால் பாதி ஷிப்டில் வீட்டுக்கு அனுப்புவதும், அழைப்பு வருமா என்று சம்பளமில்லாமல் காத்திருக்க வைப்பதும் அந்தக் கணக்கில் லாபமாகவே தெரிகின்றன. 2014 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ், சான் டியேகோவில் ஸ்டார்பக்ஸ் கடையில் வேலை பார்த்த ஓர் இளம் தாயின் வாழ்க்கை இத்தகைய அட்டவணையால் எப்படிச் சிதறுகிறது என்று விரிவாக எழுதியது. இரவில் கடையைச் சாத்தியவரே மறுநாள் விடியலில் திறக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக அந்த நிறுவனம் உடனே அறிவித்தது.

மென்பொருளின் கணிப்பிலேயே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஆள் குறைவாக இருந்த கடையில் உதவி கிடைக்காமல் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவார். அந்தக் குறைந்த விற்பனை 'தேவை குறைவு' என்று பதிவாகும். அடுத்த வாரம் ஆள் இன்னும் குறையும். பில்லை மட்டும் படிக்கும் முறைக்கு, நடக்காமல் போன விற்பனை தெரிய வழியில்லை.

அட்டவணையின் நிச்சயமின்மை வியாபாரத்தின் இயல்பு, தவிர்க்க முடியாது என்பது நிறுவனங்களின் வாதம். ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகிய ஆய்வாளர்கள் 2015-16இல் கேப் நிறுவனத்தின் 28 துணிக்கடைகளில் இதைச் சோதித்தார்கள். இரண்டு வாரம் முன்பே அட்டவணை வெளியிடுவதும், அழைப்புக்காகக் காத்திருக்கும் ஷிப்டுகளை ஒழிப்பதும் எல்லாக் கடைகளுக்கும் பொது. சில கடைகளில் மட்டும், ஊழியர் தமக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஒரு செயலி, வாரந்தோறும் மாறாத தொடக்க முடிவு நேரங்கள், தேவைப்பட்ட வேளைகளில் கூடுதல் ஆள் ஆகியவற்றையும் சேர்த்தார்கள். இந்தக் கடைகளில் விற்பனை சுமார் 7 சதவீதம் உயர்ந்தது. அட்டவணைக் குழப்பத்தில் பெரும்பங்கு வாடிக்கையாளரால் வந்ததல்ல என்பதும் தெரிந்தது. சரக்கு வரும் நாளைப் பற்றிய தவறான தகவல், திடீரென மாறும் தள்ளுபடி விளம்பரம், மேலதிகாரிகளின் வருகை என எல்லாம் தலைமை அலுவலகத்திலிருந்தே புறப்பட்டவை. மேலே நடக்கும் குளறுபடிக்குக் கீழே நிற்பவர் தம் நேரத்தால் விலை கொடுத்துவந்திருக்கிறார். ஒரு நிறுவனம், இரண்டு நகரப் பகுதிகள் என்ற எல்லை இந்த ஆய்வுக்கு உண்டு. ஆயினும் நிலையான அட்டவணை என்றாலே நஷ்டம் என்ற வாதத்தை இது அசைத்துவிட்டது.

சட்டங்கள் செய்திருப்பதும் விடுபட்ட செலவுக்கு விலை குறிப்பதுதான். சியாட்டில் நகரில் 2017 ஜூலை முதல் பெரிய சில்லறை, உணவு நிறுவனங்கள் 14 நாள் முன்பே அட்டவணை தர வேண்டும். அதன்பின் நேரத்தைக் கூட்டினால் கூடுதலாக ஒரு மணி நேரச் சம்பளம். குறைத்தால் இழந்த நேரத்துக்குப் பாதிச் சம்பளம். ஆரிகன் மாநிலமும் 2017இல் இத்தகைய சட்டம் இயற்றியது. இந்த விதிகளை அமல்படுத்தவும் அதே மென்பொருள்தான் உதவுகிறது: மாற்றம் செய்யப்போகும் மேனேஜருக்கு அதன் விலையை முன்கூட்டியே காட்ட அதனால் முடியும்.

குறையும் உண்டு. இவ்விரு சட்டங்களும் குறைந்தது 500 பேர் வேலை செய்யும் நிறுவனங்களையே கட்டுப்படுத்துகின்றன. சிறு கடை ஊழியருக்கு அந்தக் காப்பு இல்லை. ஷிப்டை ஊழியரே விரும்பி மாற்றிக்கொண்டால் கூடுதல் சம்பளம் இல்லை என்ற விலக்கை, விருப்பத்தின் பெயரால் வற்புறுத்தவும் பயன்படுத்தலாம். 'சிஸ்டம் போட்டது, நான் என்ன செய்ய' என்று சொல்லும் மேனேஜரைச் சட்டம் மட்டும் மாற்றிவிடாது.

ஆகவே இந்த மென்பொருளை வாங்கும் எந்த நிறுவனத்திடமும் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். கடைசி நேர மாற்றத்துக்கு உங்கள் கணக்கில் விலை உண்டா? ஆள் குறைவால் இழந்த விற்பனையை அளக்கிறீர்களா? அட்டவணை அநியாயமாக இருந்தால் அதை மாற்றும் அதிகாரத்தோடு பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறாரா? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்லும் கடையில் மென்பொருள் நல்ல உதவியாளர். சொல்ல முடியாத கடையில், வியாபாரத்தின் நஷ்ட அபாயத்தை முதலாளியின் தோளிலிருந்து இறக்கி மிகக் குறைந்த கூலி வாங்குபவர் தோளில் ஏற்றும் கருவி அது.