அம்புலிப் பருவமும் வினாக்கொத்தும்

ஓர் அறிவியற் கருவி மொழிபெயர்க்கப்படும்போது சொற்கள் இடம் மாறுகின்றன. அச்சொற்கள் பிறந்த வாழ்க்கை இடம் மாறுவதில்லை. இலக்கிய மொழிபெயர்ப்புப் பற்றி நாம் அடிக்கடி கூறும் இவ்வுண்மை, ஓட்டிசம் உள்ள குழந்தைகளை இளவயதிலேயே இனங்கண்டு உதவும் முயற்சிக்கும் பொருந்தும்.

இதற்கான சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2001 இல் அமெரிக்காவில் வெளிவந்த 'எம்-சற்' என்னும் வினாக்கொத்து 23 வினாக்களைக் கொண்டது. பெற்றோர் 'ஆம்', 'இல்லை' என விடையளிக்க வேண்டும். உளமருத்துவ அறிஞர் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 24 மாதம் வரையான 374 இலங்கைக் குழந்தைகள் ஆராயப்பட்டனர். 93 பேருக்கு ஒருவர் என்னும் விகிதத்தில் ஓட்டிசம் காணப்பட்டது. ஆனால், அவர்களுட் காற்பங்கினரையே எம்-சற் இனங்கண்டது. பின்னர் இக்குழுவினர் நிழற்படங்களைக் கொண்ட கருவியொன்றை உருவாக்கி 2017 இல் வெளியிட்டனர். இது வரவேற்கத்தக்க திருத்தமே. படம் எழுத்தறிவின் தடையை நீக்கும். எனினும், படத்திற் காணும் நடத்தை தன் வீட்டில் எப்பொழுது நிகழ்கின்றது என்பதைத் தாய் உணர்ந்தாலன்றி அவளது விடை தெளிவு பெறாது.

இவ்விடத்தில் பிள்ளைத்தமிழ் நினைவுகூரத்தக்கது. மாத வரையறையிற் பாட்டியல் நூல்கள் வேறுபடினும், பருவங்களின் ஒழுங்கு குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியதன் விளைவாகும். சப்பாணி, பிறர் செய்வதைப் பார்த்துக் கைகொட்டல். வாரானை, அழைக்கும் குரலுக்கு வருதல். அம்புலி, தாய் சுட்டும் திசையைக் குழந்தையும் நோக்குதல். சிற்றில், மணலை வீடாகப் பாவித்து விளையாடல். போலச்செய்தல், அழைப்புக்கு இசைதல், சுட்டியதை நோக்கல், பாவனை விளையாட்டு என எம்-சற் வினவுவனவும் இவையே. "தொலைபேசியிற் பேசுவதுபோல் விளையாடுகிறானா?" என்று கேட்பதிலும், "நிலவைக் காட்டினால் நிலவைப் பார்க்கிறானா, உங்கள் கையைப் பார்க்கிறானா?" என்று கேட்பது தாய்க்குத் தெளிவானது. இவ்வினாவும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டியதே. ஒரு விடையைக் கொண்டு முடிவுகட்டல் தகாது.

ஆயின், மரபைப் போற்றுவதோடு அமைதல் தவறாகும். பிள்ளைத்தமிழின் தலைவன் எல்லாப் பருவங்களையும் பிழையின்றிக் கடப்பவன். கடவாத குழந்தைக்கு அவ்விலக்கியத்தில் இடமில்லை. அக்குழந்தையை ஊர் 'சாபம்' என்றோ, 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்றோ விளக்கிவிடக்கூடும். முன்னையது தாயைக் குற்றவாளியாக்கும். பின்னையது உதவிக்குரிய காலத்தை விழுங்கும்.

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையை எண்ணிப் பார்ப்போம். 2009 இல் முடிவுற்ற போரில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, பின்னர் மீள்குடியேறியது. அன்று முகாம்களிற் சிறுவராய் இருந்தோர் இன்று பெற்றோராகின்றனர். இத்தகைய மண்ணிற் பேசாத குழந்தையின் மௌனத்தைப் போரின் நிழல் என்று கருதிவிடுவது எளிது. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கும் தாயை ஏளனஞ் செய்யும் உத்தியோகத்தர் அவளது நம்பிக்கையை இழப்பார், பிள்ளையையும் இழப்பார்.

தாய்மாரைப் பயிற்றி வீட்டிலேயே உதவியளிக்கும் முறையின் பயனையும் பெரேரா குழுவினர் 2016 இல் எடுத்துக்காட்டினர். ஆனால், கணவனை இழந்து கூலி வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அதற்கான நேரம் ஏது? நகரத்து மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு நாட்கூலி இழப்பு. 'பண்பாட்டுக்கேற்ற' என்னும் அடைமொழி இவ்வறுமையை மறைக்கும் திரையாகிவிடக்கூடாது. பயிற்சி அம்மம்மாவுக்கும் முன்பள்ளி ஆசிரியைக்கும் அளிக்கப்பட வேண்டும். குளிப்பாட்டலும் சோறூட்டலுமே அதன் களங்களாதல் வேண்டும். போக்குவரத்துச் செலவை அரசு ஏற்றல் வேண்டும். 18 ஆம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தை கிளினிக்குக்கு வரும் நாளே வினாவைத் தொடங்கத் தக்க நாள்.

அம்புலிப் பருவத்திற் புலவர் சாம, பேத, தான, தண்டம் என நால்வகையாலும் நிலவை அழைப்பர். அழைப்புக்கு இணங்காத நிலவை அவர்கள் பழித்து ஒதுக்குவதில்லை. அழைக்கும் வழியையே மாற்றுகின்றனர். நம் மருத்துவமும் கல்வியும் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவே.