அகரவரிசையா, எண்வரிசையா? – ‘ஆல்ஃபாசார்ட்’ குறித்து ஒரு மறுப்பு

சி மொழியில் அடைவின் கோப்புகளைப் பட்டியலிடும் பயிற்சி நிரல்கள் பல, ‘ஸ்கேன்டிர்’ செயற்கூற்றுடன் ‘ஆல்ஃபாசார்ட்’டை ஒப்பீட்டுக்குக் கையாள்கின்றன. ‘ரீட்டிர்’ எவ்வரிசைக்கும் உறுதி தருவதில்லையாதலின் வரிசைப்படுத்தல் தேவையே. ஆனால் கிடைக்கும் பட்டியலை ‘அகரவரிசை’ என அழைப்பது ஏற்கத்தக்கதன்று. ஜிலிப்சி நூலகத்தில் ஆல்ஃபாசார்ட் ‘ஸ்ட்ர்கால்’ வழியே ஒப்பிடுகிறது. நிரல் ‘செட்லொகேல்’ஐ அழைக்காவிடில் அது வெறும் பைட்டு ஒப்பீடாகச் சுருங்கும். (ஆங்கிலத்திலும் அப்போது பெரிய எழுத்துகள் யாவும் முந்திவிடும்.) யுடிஎஃப்-8 கோப்புப்பெயர்களில் இதன் விளைவு யூனிகோடு எண்வரிசை. அங்கே னகரம் நகரத்தை அடுத்துப் பகரத்திற்கு முன் நிற்கிறது. றகரம் ரகரத்தை ஒட்டி வருகிறது. நெடுங்கணக்கிலோ இவ்விரண்டும் மெய்வரிசையின் ஈற்றெழுத்துகள். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்டது. ஆகவே ‘பகல்’ முந்த, ‘பக்கம்’ பிந்துகிறது. அகராதி மரபு இதற்கு நேர்மாறு. சுவடித் தலைப்புகளையே கோப்புப்பெயர்களாகக் கொண்ட என் ஆய்வுத் தொகுப்பில், இருந்த கோப்பொன்றை ‘கிடைக்கவில்லை’ என நான் குறித்தது இதனால்தான். செயற்கூற்றின் பெயரை நம்பியது என் பிழை. செட்லொகேல் அழைப்பு ஒரே வரி. எனினும் சூழல் குறிக்கும் வட்டாரத் தகவல் கணினியில் நிறுவப்பட்டிராவிடில் அவ்வழைப்பு வெற்றுச் சுட்டியைத் திருப்பித் தரும், பழைய வரிசையே நீடிக்கும். அவ்விடையைச் சோதிக்கும் பாடநிரலை நான் இன்னும் கண்டிலேன்.